ஒழுகாத ஓட்டை

திருத்தங்கலிலிருந்து சித்தப்பா போன் செய்தால் இரண்டே விஷயம்தான் இருக்கும். ஒன்று கல்யாணம். இன்னொன்று கருமாதி. போன மாசம் வந்தது இரண்டாவது ரகம்.

"ஒரு எட்டு வந்துட்டுப் போடா. கடைசியா ஒரு தடவை பாத்துக்கோ. திங்கக்கிழமை எடுக்கிறாக."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "ஐயோ, சித்திக்கு என்ன சித்தப்பா?"

"அவளுக்கென்ன, கல்லுக்குண்டு மாதிரி இருக்கா. நான் வண்டியைச் சொல்றேன். எடைக்குப் போடப் போறேன்."

வண்டி என்றால் சித்தப்பாவின் அம்பாஸடர் டீசல். 1991 மாடல். வெள்ளை. அதாவது, ஒரு காலத்தில் வெள்ளை. சிவகாசியில் காலண்டர் பிரஸ்ஸில் வேலை பார்த்த மனுஷன், சேமித்த காசில் வாங்கியது. எங்கள் குடும்பத்தில் ஏழு கல்யாணத்துக்கு மாப்பிள்ளை ஊர்வலம் போன வண்டி. என்னுடைய கல்யாணத்தில் பாதி வழியில் நின்று, 'தம்பி, இன்னும் நேரம் இருக்கு, யோசிச்சுக்கோ' என்று எனக்குக் கடைசி வாய்ப்புக் கொடுத்த வண்டியும் அதுதான். நான்தான் புரிந்துகொள்ளவில்லை.

இளைய தலைமுறைக்கு ஒரு சின்ன முன்னுரை. அம்பாஸடர், கொல்கத்தா பக்கத்தில் உத்தரப்பாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் செய்த கார். 1950களின் கடைசியில் ஆரம்பித்து 2014 மே மாதம் வரை ஏறக்குறைய அதே முகத்தோடு வந்துகொண்டிருந்தது. 1980 வாக்கில் அதில் டீசல் எஞ்சின் வைத்தார்கள். 1489 சி.சி., 37 குதிரை சக்தி. இன்றைக்குக் காலேஜ் பையன் ஓட்டுகிற 650 சி.சி. மோட்டார் சைக்கிளுக்கே 47 குதிரை என்கிறார்கள். ஆனால் அந்த 37 குதிரையும் மாப்பிள்ளை, மாப்பிள்ளையின் அம்மா, சீர்வரிசை, வாழைத்தார் என்று எதை ஏற்றினாலும் முனகாமல் இழுத்தன.

1922-ல் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்துதான் சிவகாசியின் தலையெழுத்து மாறியது. அதே கல்கத்தாவிலிருந்து வந்த இந்த வண்டி எங்கள் குடும்பத்தின் தலையெழுத்தை ஓரளவு மாற்றியது என்பது சித்தப்பாவின் கட்சி. 'அம்பாஸடர்' என்ற பெயரை மட்டும் 2017-ல் பிரான்ஸ் நாட்டு பெஜோ கம்பெனி 80 கோடி ரூபாய்க்கு வாங்கியது. வெறும் பெயருக்கு 80 கோடி. எஞ்சின், கதவு, டிக்கி, நாலு சக்கரம் எல்லாம் சேர்த்து சித்தப்பாவின் வண்டிக்குப் பழைய இரும்புக்காரர் சொன்ன விலை 38,000.

சனிக்கிழமை காலை பொதிகையில் சிவகாசி போய் இறங்கினேன்.

*

"என்னதான் சித்தப்பா பிரச்னை?"

"வயசுடா. அதுக்கும் வயசாச்சு, எனக்கும் வயசாச்சு."

சித்திதான் விஷயத்தைச் சொன்னாள். சித்திக்கு மதுரையில் ஒரு கண்ணுக்குக் காட்ராக்ட் ஆபரேஷன் ஆகியிருக்கிறது. இன்னொரு கண்ணுக்கு அடுத்த வாரம். முதல் கண்ணுக்குப் போகும்போது கள்ளிக்குடி தாண்டி நாலு வழிச் சாலையில் ஒரு லாரியை ஓவர்டேக் செய்யப் போயிருக்கிறார் சித்தப்பா. பாதி லாரி தாண்டியதும் வண்டிக்கு மூச்சு நின்றுவிட்டது. மிதித்தால் சத்தமே இல்லை. பின்னால் ஒரு ஆம்னி பஸ், ஹாரனை அழுத்திக்கொண்டே வந்திருக்கிறது. எப்படியோ ஓரத்துக்கு ஒதுக்கி நிறுத்தினாராம்.

"அஞ்சு நிமிசம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா ஒண்ணுமே நடக்காத மாதிரி ஓடுது. இவுகளுக்குத்தான் கை நடுக்கம் நிக்கலை" என்றாள் சித்தி.

அப்போதுதான் புரிந்தது. சித்தப்பா வண்டியை விற்பது காசுக்காக இல்லை, பயத்தில். அந்தப் பயத்துக்கு 'வயசு' என்று கௌரவமாகப் பெயர் வைத்திருக்கிறார்.

வைத்தியம் பார்க்கவில்லையா என்றால், பார்த்திருக்கிறார். டீக்கடையில் நாலு பேரிடம் கேட்டிருக்கிறார். நாலு தீர்ப்பு. ஒருவர் ஃபில்டர் அடைப்பு என்றார். இரண்டு தடவை ஃபில்டர் மாற்றியாகிவிட்டது. இன்னொருவர் நாசில் என்றார். மூன்றாமவர் ஹெட் கேஸ்கெட் என்றார். நாலாமவர், எலுமிச்சம்பழம் கட்டச் சொன்னார். (அதையும் கட்டியிருந்தது. காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தது.) கடைசியாக ஒரு பட்டறையில் வண்டியை ஒரு சுற்று ஓட்டிப் பார்த்துவிட்டு, 'பிரஷர் வரலை, டீசல் பம்ப்பு போச்சு. இறக்கிப் பிரிச்சுச் செய்யணும். 32,000 ஆகும்' என்றிருக்கிறார்கள்.

38,000-க்குப் போகிற வண்டிக்கு 32,000 வைத்தியம். கணக்கில் புலியான சித்தப்பா இரும்புக் கடைக்கு போன் போட்டுவிட்டார்.

எனக்கு வண்டி பற்றித் தெரிந்ததெல்லாம் பெட்ரோல் போடுகிற இடமும் காசு கொடுக்கிற இடமும்தான். இருந்தாலும் மனசு கேட்கவில்லை. விருதுநகரில் அந்தக் காலத்தில் லாரிப் பட்டறை வைத்திருந்த ஒரு அண்ணாச்சி, இப்போது ஓய்வெடுத்துக்கொண்டு வீட்டில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டுப் போய் அழைத்தேன். ஞாயிற்றுக்கிழமை காலை, ஆமத்தூர் வழியாக ஒரு பழைய டி.வி.எஸ்.-50-ல் வந்து இறங்கினார். தோளில் ஒரு மஞ்சள் பை. அதற்குள் இரண்டு ஸ்பேனர், ஒரு காலி தண்ணீர் பாட்டில், அப்புறம் கொத்தனார்கள் மட்டம் பார்ப்பார்களே, அந்தக் கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் டியூப் இரண்டு மீட்டர்.

இதை வைத்துக்கொண்டு வீடுதான் கட்ட முடியும் என்று நினைத்தேன்.

*

அண்ணாச்சி பானட்டைத் திறக்கவே இல்லை. திண்ணையில் உட்கார்ந்து, சித்தி கொடுத்த காப்பியை ஆற்றிக்கொண்டே டாக்டர் மாதிரி கேள்வி கேட்க ஆரம்பித்தார்.

"காலையில எப்படி ஸ்டார்ட் ஆகுது?"

"ரொம்ப நேரம் சுத்தணும் அண்ணாச்சி. ஒருக்கா பிடிச்சிட்டா அப்புறம் மத்தியானம் தொட்ட உடனே பிடிச்சிரும்."

"எப்ப நிக்குது? ஊருக்குள்ள மெதுவாப் போறப்பவா, வேகத்துலயா?"

"வேகத்துல. இல்லாட்டி மேடு ஏறயில."

"நிக்கப் போறப்ப கறுப்பாப் புகை தள்ளுதா?"

"புகையே இல்லை. விளக்கு அணையிற மாதிரி அப்படியே அடங்கிருது."

"நின்ன அன்னைக்கெல்லாம் டேங்கில எவ்வளவு டீசல் இருந்துச்சு?"

இதற்குத்தான் சித்தப்பா எழுந்து உள்ளே போனார். காலண்டர் பிரஸ்காரர் இல்லையா, தினசரி காலண்டரில் கிழித்த தாளின் பின்பக்கத்தில்தான் வீட்டுக் கணக்கு முழுக்க. டீசல் போட்ட தேதி, ரூபாய், வண்டி நின்ற தேதி, இடம் எல்லாம் அதில் இருந்தது. ஒரே தடவையில் நிறைய போட்டால் ஆவியாகிவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி, எப்போதும் 500 ரூபாய்க்குத்தான் போடுவார். தாள்களை வரிசைப்படுத்திப் பார்த்ததில், வண்டி நின்ற அத்தனை நாளும் டேங்க் அடிமட்டத்தில். தீபாவளிக்குச் சம்பந்தி வீட்டுக்குப் போகும்போது கௌரவத்துக்காக டேங்க் நிரப்பியிருக்கிறார். அந்த வாரம் முழுக்க ஒரு தடவை கூட நிற்கவில்லை.

அண்ணாச்சி காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"வெடி வெடிக்கலைன்னா நம்ம ஊர்ல மொதல்ல மருந்தையா குறை சொல்லுவீக? திரி நமுத்திருக்கான்னுதான பாப்பீக? பம்ப்பு மருந்து மாதிரி. மொதல்ல திரியைப் பாப்போம்."

*

இந்த இடத்தில் டீசல் எஞ்சினின் கதையைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் இல்லை. காற்றை இருபதில் ஒரு பங்குக்கும் கீழே நசுக்கினால் அது 500 டிகிரிக்கு மேல் சூடாகும். அந்தச் சூட்டில் டீசலைப் பனி மாதிரி தூவினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் 1897-ல் ஓட்டிக் காட்டிய சமாச்சாரம். 1900-ல் பாரிஸ் கண்காட்சியில் ஒரு சின்ன டீசல் எஞ்சினைக் கடலை எண்ணெயிலேயே ஓட்டிக் காட்டினார்கள். விருதுநகர் எண்ணெய் மண்டிக்காரர்கள் அன்றைக்குப் பாரிஸ் போயிருந்தால் உலகச் சரித்திரமே மாறியிருக்கும்.

அந்தப் பனி மாதிரித் தூவலுக்குப் பெரிய அழுத்தம் வேண்டும். பழைய அம்பாஸடரிலேயே காற்றழுத்தத்தைப் போல நூறு மடங்குக்கு மேல். அதைக் கொடுப்பது இன்ஜெக்‌ஷன் பம்ப். சித்தப்பா வண்டியில் இருப்பது சி.ஏ.வி. கம்பெனி வடிவமைத்த டி.பி.ஏ. ரகம். (சி.ஏ.வி. என்றால் சார்ல்ஸ் ஆண்டனி வாண்டர்வெல் என்ற இங்கிலாந்துக்காரர். நான் ரொம்ப நாளாக அது ஒரு மந்திரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.) நம் ஊர் டிராக்டர்கள் பலவற்றில் இருந்ததும் அதே பம்ப்தான். 32,000 ரூபாய் ஆசாமி இவர்தான்.

ஆனால் இந்தப் பெரிய மனுஷனுக்குச் சாப்பாடு கொண்டுவந்து கொடுக்க ஒரு சின்னப் பையன் இருக்கிறான். ஃபீட் பம்ப். எஞ்சினின் பக்கவாட்டில், உள்ளங்கை அளவில், உள்ளே ஒரு ரப்பர் சவ்வு. பின்னால் இருக்கிற டேங்கிலிருந்து டீசலை உறிஞ்சி, ஃபில்டர் வழியாகப் பெரியவருக்குத் தள்ளுவது இவன் வேலை. இவன் கொடுக்கிற அழுத்தம் 5 முதல் 8 பவுண்டு. கார் டயரில் அடிக்கிற காற்றில் கால்வாசிதான்.

அந்தக் கால்வாசி குறைந்தால் பெரியவர் பட்டினி. மெதுவாகப் போகும்போது அரை வயிற்றுச் சாப்பாட்டில் சமாளித்துவிடுவார். மேடு ஏறும்போதும் லாரியைத் தாண்டும்போதும் முழுச் சாப்பாடு கேட்பார். கிடைக்காது. விழுந்துவிடுவார். பார்க்கிறவர்கள் 'பெரியவருக்கு வியாதி' என்பார்கள். வியாதி இல்லை, பசி.

"இப்ப கேளுங்க தம்பி" என்றார் அண்ணாச்சி. "ஃபீட் பம்ப்புக்கு அந்தப் பக்கம், இன்ஜெக்டர் வரைக்கும் எங்க ஓட்டை விழுந்தாலும் டீசல் வெளிய ஒழுகும். தரையில சொட்டும், நாத்தம் வரும், கண்ணுக்குத் தெரியும். ஆனா ஃபீட் பம்ப்புக்கு இந்தப் பக்கம், டேங்க் வரைக்கும் இருக்கிறது உறிஞ்சுற பக்கம். அங்க ஓட்டை விழுந்தா டீசல் ஒழுகாது. காத்து உள்ள போகும். தரை சுத்தமா இருக்கும், வண்டி நிக்கும். இந்த ஒழுகாத ஓட்டைதான் ஆளைக் கொல்லும்."

சித்தப்பாவின் மூன்று புகாரும் அதற்குச் சரியாகப் பொருந்தின. ராத்திரி முழுக்க வண்டி நிற்கும்போது அந்த ஓட்டை வழியாகக் காற்று புகுந்து, பைப்பில் இருக்கிற டீசல் டேங்குக்கே திரும்ப இறங்கிவிடுகிறது. அதனால் காலையில் ரொம்ப நேரம் சுற்ற வேண்டியிருக்கிறது. டேங்கில் டீசல் குறையக் குறைய இன்னும் ஆழத்திலிருந்து உறிஞ்ச வேண்டும். உறிஞ்ச உறிஞ்சக் காற்றும் அதிகம் வருகிறது. வேகத்தில் போனால் இன்னும் அதிகம். புகை வராததற்கும் காரணம் அதுதான். எரிய அங்கே டீசலே இல்லை.

பானட்டைத் திறக்காமலே முக்கால்வாசி முடிந்துவிட்டது.

*

மிச்சக் கால்வாசியை அண்ணாச்சி செய்த வரிசை முக்கியம். காசு செலவாகாத சோதனை முதலில், செலவாவது கடைசியில்.

முதலில் டேங்க் மூடியைத் திறந்தார். மூடியில் காற்று போக வழி இருக்க வேண்டும். அது அடைத்துக்கொண்டால் டேங்குக்குள் வெற்றிடம் உண்டாகி டீசல் வராது. அப்படி இருந்தால் ஓடி நின்ற வண்டியில் மூடியைத் திறக்கும்போது 'உஸ்' என்று சத்தம் வரும். வரவில்லை. செலவு: பூஜ்யம்.

இரண்டாவது, எஞ்சின் ஆயில் குச்சியை உருவி மோந்து பார்த்தார். ஃபீட் பம்ப்பின் சவ்வு கிழிந்தால் டீசல் எஞ்சின் ஆயிலில் போய்க் கலக்கும். ஆயில் அளவு கூடும், டீசல் வாசனை அடிக்கும். "ஆயில் குறையவே மாட்டேங்குது, நல்ல வண்டின்னு சில பேர் சந்தோஷப்படுவாக" என்று சிரித்தார். அதுவும் இல்லை. செலவு: பூஜ்யம்.

மூன்றாவதாக வந்தது கொத்தனார் டியூப். ஃபீட் பம்ப்புக்கும் ஃபில்டருக்கும் நடுவில் இருக்கிற பைப்பைக் கழற்றி, அந்த இடத்தில் டியூபை மாட்டினார். என்னை ஸ்டார்ட் செய்யச் சொன்னார். நான் மிதிக்க, டியூபுக்குள் டீசல் ஓடியது. கூடவே கோலி சோடா மாதிரி குமிழ் குமிழாகக் காற்று.

சித்தப்பா குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தார். ஆறு மாதமாகத் தன்னை மிரட்டிய பேயை முதன்முதலாக நேரில் பார்க்கிற முகம்.

நான்காவது சோதனை. தண்ணீர் பாட்டிலில் சுத்தமான டீசல் ஊற்றி, பாக்கி டியூபை அதற்குள் விட்டு, நேராக ஃபீட் பம்ப்பின் வாயில் மாட்டினார். இப்போது டேங்கும் இல்லை, நீளமான பைப்பும் இல்லை. மறுபடி ஸ்டார்ட். குமிழ் அத்தனையும் காணாமல் போய், டீசல் கண்ணாடி மாதிரி ஓடியது. ஆக்ஸிலரேட்டரை அழுத்த, எஞ்சின் பழைய குரலில் உறுமியது. சித்தி உள்ளேயிருந்து ஓடி வந்துவிட்டாள்.

"ஆக, ஃபீட் பம்ப்பு நல்லாருக்கு. ஃபில்டர் நல்லாருக்கு. 32,000 ரூவா பம்ப்பும் நல்லாருக்கு. பாட்டில்ல இருந்து குடிச்சா நல்லாக் குடிக்குது, டேங்கில இருந்து குடிச்சாக் காத்து வருதுன்னா, குத்தம் நடுவுல."

ஐந்தாவது, நடுவில் இருக்கிற இரும்பு பைப்பில் வாயை வைத்து டேங்க் பக்கமாக ஊதச் சொன்னார் என்னை. (எம்.காம். படித்தது இதற்குத்தான்.) டேங்குக்குள் தாராளமாகக் 'குளுகுளு' சத்தம் கேட்டது. அடைப்பும் இல்லை. பாக்கி இருந்தது ஒரே ஒரு இடம். எஞ்சின் குலுங்குவதால் இரும்பு பைப்புக்கும் ஃபீட் பம்ப்புக்கும் நடுவில் ஒரு சாண் ரப்பர் ஹோஸ் இருக்கும். வெளிப் பார்வைக்கு ஜம்மென்று இருந்தது. அண்ணாச்சி கிளிப்பைக் கழற்றி, ஹோஸின் முனையைக் கட்டை விரலால் மடக்கினார்.

கிளிப்புக்கு அடியில், நகக்கண் அளவுக்கு ஒரு வெடிப்பு.

ஒரு சொட்டு டீசல் கூட அதில் கசியவில்லை.

*

டீசலுக்கென்று செய்த ஹோஸ் ஒரு மீட்டர், புதுக் கிளிப் நாலு, காப்பர் வாஷர் இரண்டு. 340 ரூபாய்.

ஹோஸ் மாற்றினால் போதாது, உள்ளே புகுந்த காற்றை வெளியேற்ற வேண்டும். ஏர் எடுப்பது என்பார்கள். ஃபில்டர் தலையில் இருக்கிற ஸ்க்ரூவைத் தளர்த்திவிட்டு, ஃபீட் பம்ப்பின் கை நெம்புகோலை மேலும் கீழும் ஆட்டினால் நுரை நுரையாக வந்து, அப்புறம் சுத்தமான டீசல் வரும். உடனே ஸ்க்ரூவை இறுக்கிவிட வேண்டும். அதே மாதிரி இன்ஜெக்‌ஷன் பம்ப்பில் இருக்கிற ஸ்க்ரூக்கள். நான் நெம்புகோலை ஆட்டினேன். அது தொளதொளவென்று ஆடியது. ஒன்றும் வரவில்லை.

"போச்சு அண்ணாச்சி, இதுவும் கெட்டுப்போச்சு!"

"ஒண்ணும் போகலை. உள்ள இருக்கிற கேம் மேல நிக்குது. எஞ்சினை ஒரு சுத்து சுத்திட்டு ஆட்டுங்க."

சுற்றிவிட்டு ஆட்டினேன், வந்தது. இது தெரியாமல் எத்தனை நல்ல ஃபீட் பம்ப்புகள் குப்பைக்குப் போயிருக்கின்றனவோ.

கடைசியாக இன்ஜெக்டர் நட்டுகளை லேசாகத் தளர்த்தி ஸ்டார்ட்டரைச் சுற்றும்போது அண்ணாச்சி என் கையை வெடுக்கென்று தட்டிவிட்டார். "புஸ்ஸுனு போன வெடிகிட்ட போய்க் குனிஞ்சு பாப்பீகளா? அதே மாதிரிதான் இதுவும்." அந்த அழுத்தத்தில் பீய்ச்சுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். பார்த்தால் கொசு கடித்த மாதிரி இருக்கும். விட்டால் விரலையே எடுக்க வேண்டி வரும். பட்டுவிட்டால் உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும், மஞ்சள் பத்துப் போடக்கூடாது.

*

'எங்கள் வீட்டில் அம்பாஸடர் இல்லையே' என்கிறீர்களா? ஆபீஸ் லோனில் செகண்ட் ஹாண்டாக வாங்கிய டீசல் கார் இருக்கலாம். அதற்கும் இதே கதைதான், அழுத்தம் மட்டும் வேறே. 1997-ல் ஆல்ஃபா ரோமியோ 156 காரில் முதன்முதலாக வந்த காமன் ரெயில் முறையில் அழுத்தம் அப்போதே 1,350 பார். அதனால் அந்த வண்டிகளில் மேலே சொன்ன இன்ஜெக்டர் நட் வேலையைக் கனவிலும் செய்யாதீர்கள். ஆனால் அங்கேயும் பெரியவருக்குச் சாப்பாடு கொண்டுவருகிற சின்னப் பையன் உண்டு, ஃபில்டர் உண்டு, ரப்பர் ஹோஸ் உண்டு. கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்த்து 'ரெயில் பிரஷர் குறைவு' என்று வந்தால், அழுத்தம் குறைவு என்றுதான் அர்த்தம். பம்ப் போய்விட்டது என்று அர்த்தம் இல்லை. 'உறிஞ்சுகிற பக்கம் காற்று வருகிறதா பார்த்தீர்களா?' என்று ஒரு கேள்வி கேளுங்கள். கேட்பதற்கு ஜி.எஸ்.டி. கிடையாது.

பழைய ரப்பருக்கு இன்னொரு விரோதியும் உண்டு. 2020 ஏப்ரலிலிருந்து நாடு முழுக்க வருகிற பி.எஸ்.6 டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 10 பங்குதான். அதற்கு முன் பி.எஸ்.4-ல் 50 பங்கு இருந்தது. கந்தகம் இல்லாமல் சிவகாசி ஓடாது, ஆனால் நுரையீரலுக்கு அது குறைவதுதான் நல்லது. என்ன, 1993-ல் அமெரிக்காவில் கந்தகம் குறைத்த டீசல் வந்தபோது, பழைய வண்டிகள் சிலவற்றில் சீல்கள் சுருங்கிக் கசிந்து பெரிய ரகளை ஆனது. பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்கள் அழுத்தம் குறைகிற வரை காத்திருக்காமல் ஹோஸ், வாஷர், சீல் இவற்றைக் காலாகாலத்தில் மாற்றிவிடுவது புத்திசாலித்தனம். ஃபில்டரின் அடியில் தேங்குகிற தண்ணீரையும் அவ்வப்போது திறந்து விட்டுவிடுங்கள்.

அந்தப் பட்டறைக்காரர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர் 'பிரஷர் வரலை' என்றது உண்மைதான். ஏன் வரவில்லை என்று மட்டும் கேட்காமல் விட்டுவிட்டார். அதைவிடப் பெரிய தப்பு சித்தப்பாவுடையது. அவர் யாரையுமே கேட்காமல் 'வயசு' என்று முடிவு செய்துவிட்டார்.

புறப்படும்போது அண்ணாச்சி அதையும் சொன்னார். கூலி 500 ரூபாயை எண்ணிப் பையில் வைத்துக்கொண்டே, "வயசுங்கிறது ஒரு நோயில்லை அண்ணாச்சி. வயசுன்னு சொல்லிட்டாப் பாக்க வேண்டிய வேலை மிச்சம், அவ்வளவுதான். எனக்கும் மூட்டு வலிக்குப் போனா டாக்டர் வயசுங்கிறாரு. அவருகிட்டயும் ஒரு டியூப் கொண்டு போயி மாட்டிப் பாக்கச் சொல்லணும்" என்றார்.

*

திங்கட்கிழமை இரும்புக்காரர் மினி வேனோடு வந்தார். சித்தப்பா அவரைத் திருப்பி அனுப்ப மனசில்லாமல் பழைய ஃபில்டர் இரண்டு, துருப்பிடித்த வாளி ஒன்று, பத்து வருஷ காலண்டர் கட்டுகள் ஆகியவற்றை எடைக்குப் போட்டார். 160 ரூபாய் தேறியது.

புதன்கிழமை விடிகாலை மதுரைக்குக் கிளம்பினோம். நான் முன்னால், சித்தி பின்னால். டேங்க் வேண்டுமென்றே கால்வாசிதான். சோதனை என்றால் சோதனைதான். விருதுநகர் தாண்டினோம். கள்ளிக்குடி போர்டு தெரிந்ததும் சித்தப்பா பேச்சை நிறுத்திவிட்டார். முன்னால் ஒரு லாரி, வைக்கோல் ஏற்றிக்கொண்டு அசைந்து அசைந்து போனது. சித்தப்பா ஒரு கிலோமீட்டர் தூரம் அதன் பின்னாலேயே போனார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

பின்னாலிருந்து சித்தி, "என்ன, லாரிக்குச் சம்பந்தம் பேசப் போறீகளா? தாண்டுங்க" என்றாள்.

தாண்டினார். 37 குதிரையும் ஒன்றுகூடப் படுக்கவில்லை. லாரியைத் தாண்டி இடப்பக்கம் வந்ததும், கண்ணாடியில் பார்த்தேன். சித்தி, ஆபரேஷன் ஆன ஒற்றைக் கண்ணால் சித்தப்பாவின் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுக்கம் இல்லை.

நான் சென்னை திரும்பி ஒரு வாரம்தான் ஆகியிருக்கும். மறுபடி திருத்தங்கலிலிருந்து போன்.

"டேய், வண்டி..."

"மறுபடி நின்னுருச்சா சித்தப்பா?"

"இல்லைடா, நிக்கவே மாட்டேங்குது! சாவியை உருவிட்டேன், ஸ்டாப் நாபை இழுத்துட்டேன், அது பாட்டுக்கு வாசல்ல ஓடிக்கிட்டே இருக்கு. பம்ப்புதான் போச்சுங்கிறான் டீக்கடைக்காரன்!"

சாய்ந்து உட்கார்ந்துகொண்டேன். "பதற்றப்படாதீங்க சித்தப்பா. பானட்டைத் திறங்க. ஸ்டாப் நாபில இருந்து பம்ப்புக்கு ஒரு கேபிள் போகும் பாருங்க, அது கழன்டிருக்கா?"

ஒரு நிமிஷம் எஞ்சின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதுவும் நின்றது.

"கழன்டுதான்டா இருந்துச்சு. உனக்கு எப்படித் தெரியும்?"

"திரியை முதல்ல பாக்கணும் சித்தப்பா" என்றேன்.